டென்மார்க்: வந்தவர்களும் இருந்தவர்களும்

ஜூன் 10, 2025, செவ்வாய் – கோபன்ஹேகன்

இந்த வாரம் டென்மார்க் முழுக்கத் தொழுகை அறைகளைப் பற்றித்தான் பேச்சு. பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் முகத்தை மூடும் திரைக்குத் தடை வேண்டும், அங்கே இருக்கும் தொழுகை அறைகளையும் எடுத்துவிட வேண்டும் என்று பிரதமர் மெட்டே ஃபிரெடெரிக்சன் சொல்லியிருக்கிறார். பொது இடங்களில் முகத்திரைக்கு 2018 ஆகஸ்டிலிருந்தே தடை இருக்கிறது. அதைக் கல்வி நிலையங்களுக்கும் நீட்டிக்கச் சொல்கிறார். இவர் வலதுசாரி அல்ல, தொழிலாளர் கட்சியாக வளர்ந்த சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவர் என்பதை வெளியூர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். புகலிடம் கேட்டு ஒருவர்கூட வராத நிலைதான் தன் இலக்கு என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் சொன்னவரும் இவரே.

பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 60 லட்சம் பேர் வாழும் நாடு இது. 1960-களின் கடைசியில் ஆலைகளுக்கு ஆள் போதாமல் துருக்கி, யூகோஸ்லாவியா, பாகிஸ்தான் நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். 1973-ல் அந்த வழியை அடைத்தார்கள். வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை, குடும்பத்தை வரவழைத்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார்கள். 1983-ல் ஐரோப்பாவின் தாராளமான அயல்நாட்டவர் சட்டங்களில் ஒன்று இங்கே நிறைவேறியது. ஈரான், இலங்கை, லெபனான், அப்புறம் பொஸ்னியா, சோமாலியா, சிரியா என்று போர் நடந்த இடங்களிலிருந்தெல்லாம் அகதிகள் வந்தார்கள். இன்று இங்கே ஆறில் ஒருவர் குடியேறியவர் அல்லது குடியேறியவரின் பிள்ளை. 1995-ல் உருவான டேனிஷ் மக்கள் கட்சி, குடியேற்ற எதிர்ப்பை வைத்தே வளர்ந்து 2015 தேர்தலில் 21 சதவீத வாக்குடன் இரண்டாம் இடம் பிடித்தது. 2022-ல் அது 2.6 சதவீதத்துக்குச் சரிந்துவிட்டது. அவர்கள் கேட்டதைப் பெரிய கட்சிகளே செய்யத் தொடங்கியது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

காலையில் கிறிஸ்டியான்ஸ்பொர் அரண்மனைக்குப் போனேன். நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம், பிரதமர் அலுவலகம் மூன்றும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. டென்மார்க்குக்கு வர வேண்டும் என்று நான் பல வருடங்களாக ஆசைப்பட்டதற்கு இந்தக் கட்டடத்து வரலாற்றில் ஒரு காரணம் உண்டு. இங்கே அதை 'தமிழர் வழக்கு' என்றே சொல்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடப் பாடமாக வரும் விஷயம். நம் ஊரில் அதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து தப்பி வந்த தமிழர்களில் பெரும்பாலானோர் இளம் ஆண்கள். மனைவி மக்களை அழைத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் அவர்களுக்குத் தெளிவாகக் கொடுத்திருந்தது. 1987-ல் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப விண்ணப்பங்களை மட்டும் நிறுத்தி வைக்கும்படி அதிகாரிகளுக்குச் சொன்னார். சட்டத்தை மாற்றவில்லை, நாடாளுமன்றத்திடம் கேட்கவில்லை. கோப்புகள் அடுக்கின் அடியிலேயே கிடந்தன. அங்கே யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலம் அது. அரசு நிர்வாகத்தின் மீதான புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மன் விசாரணை தொடங்கிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 'கம்பளத்துக்கு அடியில் எதையும் கூட்டித் தள்ளவில்லை' என்று 1989-ல் பிரதமர் போல் ஷ்லூட்டர் நாடாளுமன்றத்தில் சொன்னார். நீதிபதி மோகன்ஸ் ஹோர்ன்ஸ்லெட் தலைமையிலான விசாரணை, ஏறத்தாழ 6,000 பக்க அறிக்கையாக 1993 ஜனவரி 14-ஆம் தேதி வெளிவந்தது. அன்றே ஷ்லூட்டர் பதவி விலகல் அறிவித்தார். பத்தாண்டுக்கும் மேலாக நாட்டை ஆண்டவர் அவர். 1995-ல், அமைச்சர்களை விசாரிப்பதற்கென்றே அரசியல் சட்டத்தில் உள்ள ரிக்ஸ்ரெட் என்னும் தனி நீதிமன்றம் நின்-ஹான்சனைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து, நான்கு மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை கொடுத்தது.

அந்த நீதிமன்றம் அடுத்து கூடியது 2021-ல். இந்த முறை கூண்டில் நின்றவர், 2015 முதல் 2019 வரை குடியேற்ற அமைச்சராக இருந்த இங்கர் ஸ்டொய்பெர்க். புகலிட முகாம்களுக்கு வந்த தம்பதிகளில் ஒருவர் 18 வயதுக்குக் கீழே என்றால், விசாரிக்காமலே எல்லோரையும் பிரித்து வைக்கச் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. சிறுமிகளைக் கட்டாயத் திருமணத்திலிருந்து காப்பாற்ற வேண்டும் என்ற அவரது நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அது சரியான நோக்கம். ஆனால் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 26 நீதிபதிகளில் 25 பேர் அவர் குற்றவாளி என்றார்கள். 60 நாள் தண்டனை. நாடாளுமன்றம் அவருடைய உறுப்பினர் பதவியைப் பறித்தது. ஒரு வருடத்தில் அவர் புதுக் கட்சி தொடங்கி 14 இடங்களுடன் அதே அவைக்குத் திரும்பி வந்தார்.

கடந்த நூறு ஆண்டுகளில் அமைச்சர்களை நிறுத்திய இரண்டு வழக்குகளுமே அகதிக் குடும்பங்களைப் பிரித்தது பற்றியவை. இந்த நாட்டின் குடியேற்ற விவாதத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. அமைச்சரையே தண்டிக்கும் துணிச்சலும் அதே அமைச்சருக்கு மறுபடி வாக்களிக்கும் மனநிலையும் ஒரே மக்களிடம் இருக்கின்றன.

ஜூன் 11, புதன் – நொரெப்ரோ

கோபன்ஹேகனின் வடமேற்கில் இருக்கும் பகுதி இது. தெருக்களுக்கு ஓடின், தோர், ஹெய்ம்டால் என்று பழைய நோர்ஸ் கடவுள்களின் பெயர்கள். நடந்தால் காதில் விழுவது டேனிஷ், அரபு, உருது, துருக்கி, சோமாலி. ஷவர்மா கடைக்குப் பக்கத்திலேயே நல்ல டேனிஷ் பேக்கரி. சைக்கிள்கள் எண்ண முடியாத அளவு.

நான் பார்க்க வந்தது மியோல்னர்பார்க்கன். 1980-களில் கட்டிய, நான்கு தொகுதிகளாக நிற்கும் செங்கல் குடியிருப்பு. நாம் 'கெட்டோ' என்ற சொல்லைக் கேட்டதும் மனதில் வரும் குப்பையும் இடிபாடும் இங்கே இல்லை. நடுவில் புல்வெளி, மரங்கள், பிள்ளைகள் விளையாடும் இடம். சென்னையில் இப்படி ஒரு வளாகம் இருந்தால் விலை கேட்டு மயங்கி விழுவார்கள். ஆனால் பல ஆண்டுகள் அரசின் கெட்டோ பட்டியலில் இருந்த இடம் இது. கும்பல் சண்டைகளும் துப்பாக்கிச் சூடும் இந்தப் பகுதியில் நடந்தது உண்மை, அதை மறைத்து எழுதக் கூடாது.

லார்ஸ் லெக்க ராஸ்முசன் அரசு 2018 மார்ச்சில், 2030-க்குள் நாட்டில் ஒரு கெட்டோகூட இருக்காது என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. சமூக ஜனநாயகக் கட்சியும் ஆதரிக்க, அந்த ஆண்டே சட்டமானது. ஆயிரம் பேருக்கு மேல் வாழும் பொதுக் குடியிருப்பு ஒன்றில் வேலையின்மை, குற்றத் தண்டனை, குறைந்த படிப்பு, குறைந்த வருமானம் என்ற நான்கு அளவுகோல்களில் இரண்டு பொருந்தி, கூடவே 'மேற்கல்லாத' நாடுகளிலிருந்து வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் பாதிக்கு மேல் இருந்தால், அது பட்டியலில் சேரும். சில ஆண்டுகள் தொடர்ந்து பட்டியலில் இருந்தால், குடும்பங்களுக்கான பொது வீடுகளை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும். இடிக்கலாம், விற்கலாம், முதியோருக்கோ மாணவர்களுக்கோ மாற்றலாம். இந்தப் பகுதிகளில் சில குற்றங்களுக்குத் தண்டனையை இரட்டிப்பாக்க முடியும். ஒரு வயது நிறைந்த குழந்தையை வாரம் 25 மணி நேரம் பாலர் காப்பகத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் குழந்தை உதவித்தொகை நிற்கும்.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். வேலையின்மையும் குற்றமும் அதே அளவு இருக்கும் வேறொரு குடியிருப்பில் டேனிஷ் வம்சாவளியினர் அதிகமாக இருந்தால், அதை நலிந்த பகுதி என்று குறித்துவிட்டு உதவி செய்வார்கள். இடிக்கச் சொல்ல மாட்டார்கள். வித்தியாசம் அங்கே வாழ்பவர்களின் வம்சம் மட்டும். 2021-ல் 'கெட்டோ' என்ற பெயரை எடுத்துவிட்டு 'இணைச் சமூகம்' என்று மாற்றினார்கள், அதாவது மற்றவர்களோடு கலக்காமல் தனித்து வாழும் சமூகம். கணக்கு மாறவில்லை.

வளாகத்துக்குள் ஒரு பெஞ்சில் பேசக் கிடைத்தவர், பாகிஸ்தானின் பஞ்சாபிலிருந்து வந்தவர். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இங்கே இரண்டு தொகுதிகளைத் தனியார் முதலீட்டாளருக்கு விற்றபோது, வீட்டை மாற்றச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். வேறு வீடு கொடுத்தார்கள், தெருவில் விடவில்லை என்பதையும் அவரே சொன்னார். "குற்றம் செய்தவனைப் பிடியுங்கள், நானும் கைதட்டுவேன். வரி கட்டியவன், வண்டி ஓட்டியவன், பிள்ளைகளைப் படிக்க வைத்தவன் நான். என் வீடு எப்படிக் குற்றமாகும்?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, விடை தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலத்தான் கேட்டார்.

இங்கே வசித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 2020-ல் அமைச்சகத்தின் மீது வழக்குப் போட்டார்கள். டேனிஷ் நீதிமன்றம் அதை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பியது. இந்தச் சட்டம் இனத் தோற்றத்தின் அடிப்படையில் நேரடிப் பாகுபாடு காட்டுகிறது என்று தீர்ப்புக்கு முன் நீதிபதிகளுக்குக் கருத்துச் சொல்லும் அந்த நீதிமன்றத்தின் அட்வகேட் ஜெனரல் இந்தப் பிப்ரவரியில் கருத்துச் சொல்லியிருக்கிறார். தீர்ப்புக்காகக் காத்திருக்கிறார்கள்.

பக்கத்திலேயே சூப்பர்கிலன் பூங்கா. 2012-ல் திறந்தது. அக்கம்பக்கத்து மக்களின் சொந்த நாடுகளிலிருந்து பொருள்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மொராக்கோ நீரூற்று, தாய்லாந்து குத்துச்சண்டை மேடை, ஜப்பான் ஆக்டோபஸ் சறுக்கு மரம் என்று அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள். சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். நூறு அடி தள்ளி இருக்கும் குடியிருப்பைப் பற்றி அவர்களிடம் யாரும் சொல்வதில்லை போலிருக்கிறது.

இரவு நான் தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, வாழ்நாள் முழுக்க சமூக ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்தவர். பத்து மணிக்கும் வெளிச்சம் போகாத வானம், பேச்சு நீண்டது. "நீ பார்த்த பெரியவரைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை" என்றார். "ஆனால் என் வகுப்பில் நீச்சலுக்கும் பள்ளிச் சுற்றுலாவுக்கும் அனுப்பாத பெண் பிள்ளைகள் இருந்தார்கள். இங்கே பிறந்தும் டேனிஷ் தெரியாமல் முதல் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்காக நான் கத்தியபோது, நல்லவர்கள் எல்லாம் என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். பேசியது மோசமானவர்கள் மட்டும்தான். அதனால்தான் அவர்கள் வளர்ந்தார்கள்."

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. டென்மார்க்கில் மருத்துவமும் பல்கலைக்கழகமும் வரியில் ஓடுகின்றன. எல்லோரும் வேலைக்குப் போய் வரி கட்டினால்தான் இந்த ஏற்பாடு நிற்கும், பெண்கள் வேலைக்குப் போவது இங்கே அடித்தளம். பிள்ளைக்கு மொழி தெரிய வேண்டும் என்பதும், பெண் பிள்ளைக்கும் ஆண் பிள்ளைக்கும் ஒரே உரிமை என்பதும் கறாராகக் கேட்க வேண்டியவைதான். நானும் அவரும் பிரிந்தது அதற்கு அப்பால். 2016-ல் அகதிகளிடம் 10,000 குரோனுக்கு மேல் மதிப்புள்ள பொருள்களைப் பறிமுதல் செய்யச் சட்டம் போட்டார்கள். நம் பணத்தில் ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்று மேல். அதே ஆண்டு ரான்டர்ஸ் நகராட்சி, பொது நிறுவனங்களின் உணவுப் பட்டியலில் பன்றி இறைச்சி கட்டாயம் இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 2019-லிருந்து குடியுரிமை விழாவில் கைகுலுக்கியே ஆக வேண்டும். இவற்றால் எந்தப் பெண் பிள்ளை நீச்சல் கற்றுக்கொண்டாள்? கேட்டேன். அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவியபடியே, "அது எனக்கும் பிடிக்கவில்லை" என்றார்.

ஜூன் 12, வியாழன் – அமாகர் தீவு

விமான நிலையம் இருக்கும் தீவுதான். விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள் பெரும்பாலும் நேராக நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். நான் பேருந்து பிடித்து எதிர்த்திசையில் ஸ்டோர மாக்லபி என்ற கிராமத்துக்குப் போனேன்.

1521-ல் அரசர் இரண்டாம் கிறிஸ்டியான், நெதர்லாந்திலிருந்து விவசாயக் குடும்பங்களை வரவழைத்து இங்கே நிலம் கொடுத்தார். காய்கறி பயிரிட அவர்களைப்போல் ஆள் இல்லை. கேரட்டும் வெங்காயமும் முட்டைக்கோஸும் இங்கிருந்துதான் அரண்மனைச் சமையலறைக்கும் கோபன்ஹேகன் சந்தைக்கும் போயின. அரசர் அவர்களுக்குத் தனிச் சலுகைகள் கொடுத்தார். தங்கள் சட்டப்படி தாங்களே நிர்வாகம், தங்கள் வழக்குகளுக்குத் தாங்களே தீர்ப்பு. பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொண்டார்கள். உடை தனி. தேவாலயத்தில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை டேனிஷ் வழிபாடு கிடையாது, டச்சும் கீழ்-ஜெர்மனும்தான்.

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள்! இன்றைய சட்டத்தின் பார்வையில் இதைவிட முழுமையான இணைச் சமூகம் டென்மார்க்கில் இருந்ததே இல்லை. இன்று அந்தப் பண்ணைவீடுகள் அமாகர் அருங்காட்சியகம். அந்த உடுப்பு கண்ணாடிப் பெட்டிக்குள் டேனிஷ் பாரம்பரியமாக நிற்கிறது. பிப்ரவரி மாத ஃபாஸ்டலாவ்ன் திருநாளில் குதிரை மேலிருந்து பீப்பாயை அடித்து உடைக்கும் வழக்கத்தை இந்த ஊர் இன்னும் விடாமல் கொண்டாடுகிறது.

அந்தக் காலத்து அரசரின் கணக்கு வேறு, இன்றைய ஜனநாயகத்தின் கணக்கு வேறு என்பது எனக்குத் தெரியும். பொதுப் பள்ளியோ பொது மருத்துவமோ இல்லாத காலத்தில் தனித்து வாழ்வதால் யாருக்கும் செலவில்லை. இருந்தாலும், ஒரு மக்கள் இன்னொரு மக்களோடு கலக்க எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு டேனிஷ் மண்ணிலேயே ஓர் அளவு இருக்கிறது. மியோல்னர்பார்க்கனுக்கு வயது நாற்பதைச் சுற்றித்தான்.

மதியம் பக்கத்து டிராகோர் துறைமுகத்தில் சாப்பிட்டேன். எதிரே ஓரெசுண்ட் பாலம் தெரிகிறது, அந்தப் பக்கம் சுவீடனின் மால்மோ. 2002-ல் டென்மார்க் ஒரு விதி கொண்டுவந்தது: வெளிநாட்டு வாழ்க்கைத்துணையை அழைத்து வர இருவருக்கும் 24 வயது நிறைந்திருக்க வேண்டும், இருவரின் பிணைப்பும் சேர்ந்து டென்மார்க்கோடு அதிகம் என்று காட்ட வேண்டும். கட்டாயத் திருமணத்தைத் தடுக்க என்றார்கள். விளைவு, காதலித்துக் கல்யாணம் செய்த டேனிஷ்காரர்களும் மால்மோவில் வீடு எடுத்து, தினமும் இந்தப் பாலத்தில் ரயிலேறிக் கோபன்ஹேகனுக்கு வேலைக்கு வந்தார்கள். சொந்த நாட்டுக் குடிமகனே மனைவியோடு வாழ அடுத்த நாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அப்புறம் 2016-ல் இன்னொன்று: தற்காலிகப் பாதுகாப்பு பெற்ற அகதி, குடும்பத்தை அழைக்க மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும் என்றார்கள். ஒரு சிரிய மருத்துவர் தொடுத்த வழக்கில் 2021 ஜூலையில் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம், இது குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது.

1987, 2002, 2016. ஆட்சிகள் மாறினாலும் கை போவது அதே இடத்துக்குத்தான். ஒருவரை இந்த மண்ணில் வேரூன்றச் சொல்லிவிட்டு, மனைவியையும் பிள்ளையையும் கடலுக்கு அப்பால் நிறுத்தி வைத்தால் அவர் மனம் எங்கே இருக்கும்? வகுப்பில் உட்கார்ந்து எந்த மொழியைக் கற்பார்?

ஜூன் 13, வெள்ளி – ஓடென்ஸ

சிறுவர் கதைகள் எழுதிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் பிறந்த ஊர். அவர் வீட்டுக்குக் கூட்டம் அலைமோதியது, நான் டிராமில் ஏறி வோல்ஸ்மோஸ போனேன்.

டென்மார்க்கின் பெரிய பொதுக் குடியிருப்புகளில் ஒன்று. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மரத்தின் பெயர்: பீச், ஓக், பிர்ச். 2022-ல் வந்த டிராம் இதன் நடுவே ஓடுகிறது, அதை மனதாரப் பாராட்டுகிறேன். நகரத்தோடு ஓர் இடத்தைச் சேர்ப்பது என்றால் இதுதான். டிராமிலிருந்து இறங்கினால் மறுபக்கத்தில் இடிப்பு வேலை. ஏறத்தாழ ஆயிரம் வீடுகள் போக வேண்டும் என்பது திட்டம். கோபன்ஹேகனில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் மாணவர்கள் திண்டாடும் நாட்டில், குடியிருக்கத் தகுந்த கட்டடங்களை இடிப்பதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. அதிக நேரம் நிற்கவில்லை.

ஜூன் 14, சனி – ஹெர்னிங்

மேற்கு யூட்லாந்து. தட்டையான நிலம், காற்றாலைகள், பன்றிப் பண்ணைகள், நெசவாலைகளால் வளர்ந்த ஊர்கள். ஈழத் தமிழ் அகதிகளைத் தலைநகரில் குவிக்காமல் இந்த மாதிரிச் சின்ன ஊர்களில் குடிவைத்தார்கள். ஹெர்னிங், ஹோல்ஸ்டெப்ரோ, வைல என்று அவர்கள் பரவினார்கள். இன்று டென்மார்க்கில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் இருக்கிறார்கள். ஹெர்னிங்கில் சித்தி விநாயகர் கோயில் இருக்கிறது.

நண்பர் ஒருவர் மூலம் அறிமுகமான பெரியவரின் வீட்டுக்கு மதியம் போனேன். "வாங்கோ தம்பி, இருங்கோ. இந்தியாவில எந்த இடம்?" என்று தொடங்கினார். மதுரை என்றதும் மீனாட்சியம்மன் கோயிலைப் பார்த்ததைப் பற்றி ஒரு பாட்டம் பேசினார். இடியப்பமும் சொதியும் வந்தன. வல்வெட்டித்துறைப் பக்கத்துக்காரர். 1986-ல் வந்தவர், நெசவாலையிலும் பிறகு இறைச்சி ஆலையிலும் வேலை செய்தவர்.

அந்த வழக்கைப் பற்றிக் கேட்டேன். எழுந்து போய் ஒரு கோப்புடன் திரும்பி வந்தார். மனைவியை அழைக்க அவர் போட்ட விண்ணப்பத்தின் நகல், அப்புறம் மாதக்கணக்கில் அனுப்பிய கடிதங்கள். பதிலெல்லாம் 'பரிசீலனையில் இருக்கிறது' என்ற ஒரே வரி. "எங்களுக்கு அப்ப ஒண்டும் தெரியாது ஐயா" என்றார் பக்கத்தில் இருந்த அம்மா. "இவர் அங்க வேற பெண் பாத்திட்டாரோ எண்டு எங்கட சனம் கதைச்சது. ஊரில ஷெல்லடி. நான் மூத்தவனைத் தூக்கிக்கொண்டு கோயில் கோயிலா இருந்தன்." 1989-ல் தடை நீங்கியபோது அவர்கள் வந்து சேர்ந்தார்கள். தகப்பனைக் கண்டு பிள்ளை மிரண்டு அழுததாம். அதைச் சொல்லும்போது பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மனிசி வந்த பிறகுதான் நான் டேனிஷ் வகுப்புக்கு ஒழுங்காப் போனன்" என்றார் கொஞ்சம் பொறுத்து. "அதுக்கு முதல் உடம்பு இங்க, மனம் அங்க."

நான் நேற்று முன்தினம் டிராகோரில் எழுதிய கேள்விக்குக் கேட்காமலே கிடைத்த பதில் அது.

டென்மார்க்கில் தமிழர்களைப் பற்றிப் பேச்செடுத்தால், நன்றாக ஒன்றிவிட்டவர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகள் மருத்துவர், பொறியாளர். பாராட்டு உண்மைதான். ஆனால் அதை மற்றவர்களை அடிக்கும் கோலாக ஆக்கும்போது எனக்கு உடன்பாடில்லை. 1980-களில் தமிழர்களைப் பற்றியும் நல்ல பேச்சு இல்லை: இளம் ஆண்கள், உண்மையான அகதிகளா என்ற சந்தேகம், இன்னும் எத்தனை பேர் வருவார்களோ என்ற பயம். இவர்கள் ஒன்றியதற்குக் காரணங்கள் பலவற்றில் இரண்டை மறக்கக் கூடாது. சின்ன ஊர்களில் வேலை இருந்தது. தாமதமானாலும் குடும்பம் வந்து சேர்ந்தது. 2019-ல் வந்த சட்டத் திருப்பம், அகதி என்றாலே தற்காலிகம், நிலைமை சரியானதும் திருப்பி அனுப்புவதுதான் நோக்கம் என்கிறது. டமாஸ்கஸ் பகுதி பாதுகாப்பானது என்று சொல்லிச் சில சிரியர்களின் அனுமதியை ரத்து செய்யவும் செய்தார்கள். இப்படி ஒரு விதி அன்று இருந்திருந்தால், போர் நின்ற ஏதோ ஒரு இடைவேளையில் இந்தக் குடும்பத்தையும் விமானம் ஏற்றியிருப்பார்கள்.

பெரியவர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "வாறவை ஒழுங்கா இருக்க வேணும் தம்பி. சும்மா இருந்து காசு வாங்கினா சனத்துக்குக் கோவம் வரும்தானே. சட்டம் இறுக்கமா இருக்கிறது நல்லது" என்றார். தாதியாக வேலை செய்யும் மகள், முப்பதுகளில் இருப்பவர், அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். "அப்பா, இந்தச் சட்டம் அப்ப இருந்திருந்தா நான் இங்க பிறந்தே இருக்க மாட்டன்" என்றார். வாக்குவாதம் பாதி தமிழிலும் பாதி டேனிஷிலும் போனது. வேகமாகப் பேசும்போது இருவரும் டேனிஷுக்குத் தாவியதைக் கவனித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு – பிராண்ட

மகளும் அவருடைய கணவரும் காரில் பிராண்ட அபிராமி அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே. கோடைத் திருவிழாவுக்கு ஜெர்மனியிலிருந்தும் நோர்வேயிலிருந்தும்கூட ஆட்கள் வருவார்களாம். டேனிஷ்காரர்களும் வருகிறார்கள். கும்பிட்டுவிட்டு வெளியே புல்லில் உட்கார்ந்து பேசினோம்.

இதே நகராட்சி எல்லைக்குள்தான் கியர்ஸ்ஹூவெட்கோர் இருக்கிறது. முன்பு சிறை. 2016-லிருந்து, புகலிடம் மறுக்கப்பட்டும் திருப்பி அனுப்ப முடியாமல் இருப்பவர்களை வைக்கும் வெளியேற்ற முகாம். அங்கே இருப்பவர்கள் வேலை செய்ய முடியாது. அம்மன் கோயிலில் மணி அடிப்பதும் அங்கே ஆட்கள் வருடக்கணக்கில் காத்திருப்பதும் ஒரே நகராட்சியில் நடக்கின்றன. மகள் தன் வேலை விஷயமாகப் பலமுறை அந்த வழியே போயிருக்கிறார்.

அவர் ஹெர்னிங் மருத்துவமனையில் பிறந்தவர், பிறப்பு முதல் யூட்லாந்து உச்சரிப்புதான், டேனிஷ் குடியுரிமை உண்டு. ஆனாலும் அரசின் புள்ளிவிவரத்தில் 'மேற்கல்லாத நாட்டு வழித்தோன்றல்' என்ற கட்டத்தில்தான் வருவார், பெற்றோர் இங்கே பிறக்காததால். ஒரு பொதுக் குடியிருப்புக்குக் குடிபோனால், அதன் பாதிக் கணக்கில் அவரும் ஒரு தலை. அவருடைய ஐந்து வயது மகன், தாய் இங்கே பிறந்த குடிமகள் என்பதால், டேனிஷ் வம்சாவளி. ஒரே காரில் வந்தவர்கள் இரண்டு கட்டங்களில். இதை அவர் புகாராகச் சொல்லவில்லை. விவரம் கேட்டேன், விளக்கினார்.

நவம்பர் 18-ல் நகராட்சித் தேர்தல். குடியுரிமை இல்லாத வெளிநாட்டவர்களும் சில ஆண்டுகள் இங்கே வசித்திருந்தால் அதில் வாக்களிக்கலாம், 1981-லிருந்து அந்த உரிமை இருக்கிறது. இவ்வளவு இறுக்கத்துக்கு நடுவே அதை யாரும் பறிக்கவில்லை என்பது டென்மார்க்கின் நல்ல பக்கம். இவர் ஒரு கட்சிக்காக வீடு வீடாகப் போக இருக்கிறார். எதைப் பற்றிப் பேசுவீர்கள் என்று கேட்டேன்.

"முதியோர் இல்லங்களில ஆள் காணாது அண்ணா. இரவு வேலைக்கு ரெண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில ஒராள். அப்புறம் கிராமங்களுக்குப் பஸ். ஆனா கதவைத் தட்டினா அவை கேக்கிறது, தலையில துணி போடுறதைப் பற்றி நான் என்ன நினைக்கிறன் எண்டு. நான் துணி போடுறதே இல்லை. எண்டாலும் என்னட்டத்தான் கேப்பினம்."

"என்ன சொல்வீர்கள்?"

"பதில் சொல்லுவன். அது அவையின்ர கேள்வி, சொல்லத்தான் வேணும். சொல்லிப்போட்டுத் திரும்பவும் முதியோர் இல்லத்துக்கு வருவன்."

அப்பாவின் வாக்கு அவருடைய கட்சிக்கா என்று கேட்டதற்கு, இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, பேசிப் பார்க்க வேண்டும் என்றார்.